வேதியியல் எந்த லாச்சியில் இருக்கிறது?

கிண்ணியாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நூலகவியல் டிப்ளோமா படிக்கிறார். 'அறிவு ஒழுங்கமைப்பு' என்ற அலகுக்குள் 'கலைச்சொல்லியல்' என்று ஒரு தலைப்பு வருகிறதாம். "கலைச்சொல் ஆக்குவது தமிழ் படித்தவர்களின் வேலைதானே சேர், புத்தகத்துக்கு எண் போடுகிற எங்களுக்கு அது எதற்கு? இரண்டும் ஒன்றா, வேறு வேறா?" என்பது கேள்வி. எழுத உட்கார்ந்தால் நீண்டுவிடும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் சுருக்கமான விடை. இரண்டுக்கும் அத்திவாரம் ஒன்றுதான்: கருத்து. சொல்லுக்கு முன்னால் கருத்து இருக்கிறது, அதைச் சுற்றி மற்றக் கருத்துகள் இருக்கின்றன, அந்த உறவைக் கண்டுபிடிக்காமல் பெயரும் வைக்க முடியாது, எண்ணும் போட முடியாது. அதுவரை இருவரும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு வழி பிரிகிறது. கலைச்சொல்லியலார் பத்துச் சொல்லில் ஒன்றைத் தேர்ந்து ஒன்பதைத் தள்ளிவிடுவார். நூலகர் அந்த ஒன்பதையும் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டியவர். ஏனென்றால் வாசகர் எந்தச் சொல்லோடு வந்து நிற்பார் என்று நமக்குத் தெரியாது.

இது எனக்குப் படித்து வந்த அறிவு இல்லை, பட்டு வந்தது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நூலகத்தில் அட்டைப் பட்டியல்தான். மரப் பெட்டி, சின்னச் சின்ன லாச்சிகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் எழுத்து. ஒரு நாள் உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவன் துண்டுக் காகிதத்தோடு வந்தான். இந்தியாவில் அச்சான வேதியியல் புத்தகம் ஒன்று இங்கே இருப்பதாக யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். 'வே' லாச்சியை இழுத்தான். வேதாகமம் இருந்தது, வேதாந்தம் இருந்தது, வேதியியல் இல்லை. என்னிடம் கேட்டான். நானும் அதே லாச்சியைப் பார்த்துவிட்டு "இல்லைத் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். பின்னேரம் புத்தகங்களை இறாக்கையில் அடுக்கும்போது 540இல் (தூயி என்ற அமெரிக்க நூலகர் வகுத்த தசமப் பகுப்பில் இரசாயனத்துக்குரிய எண்) அந்தப் புத்தகம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. முகப்பில் கொட்டை எழுத்தில் 'வேதியியல்'.

நடந்தது இதுதான். பட்டியலிட்டவர் நம்முடைய பாடநூல் வழக்கப்படி 'இரசாயனவியல்' என்று பொருள் தலைப்புக் கொடுத்து, அட்டையை 'இ' லாச்சியில் போட்டுவிட்டார். நூலின் பெயருக்கு அட்டையே எழுதவில்லை. இன்னும் துழாவினேன். 'ர' லாச்சியில் 'ரசாயனம்' என்று வேறொரு கட்டு அட்டை கிடந்தது, வேறு யாரோ வேறு காலத்தில் எழுதியது. தமிழ் அட்டைப் பட்டியலில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். இராமாயணமா ராமாயணமா, உலோகமா லோகமா என்பது எழுத்துக் கூட்டல் பிரச்சினையோடு நிற்பதில்லை. அட்டை வேறு லாச்சிக்கே போய்விடும். இலங்கைப் பாடநூலின் 'ஐதரசன்' முன்பக்கம், தமிழ்நாட்டின் 'ஹைட்ரஜன்' பெட்டியின் கடைசி மூலை. ஒரே வாயு!

இதில் யாருடைய பிழையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இங்கே தாய்மொழிக் கல்வி பல்கலைக்கழக வாசல் வரை போனபோது அரசாங்கக் குழுக்கள் இருந்து பௌதிகவியல், இரசாயனவியல், கேத்திர கணிதம், கலம், இழையம், ஒட்சிசன் என்று சொற்றொகுதி செய்தன. அக்கரையில் வேறு குழுக்கள் இருந்து இயற்பியல், வேதியியல், வடிவியல், செல், திசு, ஆக்சிஜன் என்று போயின. அதற்கும் முன்னால், மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியரின் வட்டத்தில் இருந்து 1875இல் வந்த இரசாயன நூலுக்குப் பெயர் 'கெமிஸ்தம்'. ஆக, ஒரு துறைக்குக் குறைந்தது நான்கு பெயர். ஒவ்வொரு பெயரும் அதைச் சூட்டியவருக்கு நியாயமானது. நம்முடைய திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலாநந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அந்தக் காலத்தில் இரு கரைக்கும் ஒரு மேசை இருந்தது. பிறகு மேசை இரண்டாயிற்று.

சரி, கலைச்சொல்லியல் ஒரு துறையாக எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தமிழ் படித்தவர்களின் வேலை என்று நினைக்கிறீர்கள். நவீனக் கலைச்சொல்லியலைத் தொடக்கியவர் மொழிப் பேராசிரியரே இல்லை. ஓய்கன் வூஸ்டர் (1898–1977) என்ற ஆஸ்திரியப் பொறியியலாளர். எஸ்பெராண்டோ என்ற செயற்கைச் சர்வதேச மொழியில் பெரிய ஈடுபாடு உள்ளவர். 1931இல் தொழில்நுட்பத்தில் சொற்களைச் சர்வதேச அளவில் தரப்படுத்துவது பற்றி அவர் எழுதியதுதான் ஆரம்பம். அவருடைய கவலை பட்டறைக் கவலை. ஓர் ஆணிக்கு இரண்டு பெயர் இருந்தால் பிழையான ஆணி வந்து சேரும். ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து. அகராதிக்காரர் சொல்லை எடுத்து அதன் பொருளைத் தேடுவார். வூஸ்டர் கருத்தை எடுத்து, அதன் இயல்புகளை எண்ணி, பக்கத்துக் கருத்துகளோடு ஒப்பிட்டு, கடைசியில்தான் பெயருக்கு வருவார்.

அவர் 1968இல் வெளியிட்ட இயந்திரக் கருவிகள் அகராதியின் அமைப்பைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு பகுதியில் கருத்துகள் வகைவகையாக அடுக்கப்பட்டு, வரைவிலக்கணமும் படமும் இருக்கின்றன. இன்னொரு பகுதி அகரவரிசை, சொல்லில் இருந்து அடுக்குக்குப் போக. இதை நாங்கள் எங்கே பார்த்திருக்கிறோம்? தூயி தசமப் பகுப்பில். முன்னால் எண் அட்டவணை, பின்னால் சார்புச் சுட்டி. பொறியியலாளர் அகராதி செய்யப் போய்ப் பாதி நூலகராகத் திரும்பி வந்திருக்கிறார்.

இரண்டும் ஒன்றா என்ற உங்கள் கேள்வியை வூஸ்டரே எடுத்துப் பேசியிருக்கிறார். யுனெஸ்கோவின் ஆதரவோடு வியன்னாவில் 'இன்ஃபோடெர்ம்' என்ற கலைச்சொல் தகவல் நிலையம் தொடங்கிய அதே 1971இல், கருத்துப் பகுப்பு வேறு, பொருட்பகுப்பு (நூல் எதைப் பற்றியது என்ற பகுப்பு) வேறு என்று ஒரு கட்டுரை எழுதினார். நான் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது ஜெர்மன் பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

காலையில் சந்தையில் ஓர் அறக்குளா கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அறக்குளா என்கிறோம். பக்கத்தில் நிற்கிற சிங்களச் சகோதரர் தோரா என்கிறார். சென்னையில் இருந்து வந்தவர் அதைப் பார்த்து வஞ்சிரம் என்பார், தெற்கே போனால் நெய்மீன் என்பார்கள். விலங்கியல்காரர் ஸ்கொம்பெரோமோரஸ் கொமர்சன் என்பார். கலைச்சொல்லியலார் இதைக் கையில் எடுத்தால் அவருடைய கேள்வி: இது எதன் வகை? எந்த இயல்பு இதைச் சூரையில் இருந்து பிரிக்கிறது? முடிவில் ஒரு சொல்லை விதந்துரைப்பார். மற்றவை 'வழக்கில் உள்ளன' அல்லது 'தவிர்க்கவும்' என்ற குறிப்போடு கீழே போகும். அவருடைய மரத்தில் அறக்குளாவுக்கு ஒரே ஓர் இடம்தான்.

நூலகருக்கு அந்த மீன் வேறு மாதிரி வருகிறது, புத்தகமாக. அறக்குளாவின் இனப்பெருக்கம் பற்றி ஒரு நூல்: 597, விலங்கியல். அதைப் பிடிக்கும் வலை பற்றி ஒன்று: 639.2, மீன்பிடி. பொரிப்பது, குழம்பு வைப்பது பற்றி ஒன்று: 641.692. மீனவர் வருமானம், ஏற்றுமதி பற்றி ஒன்று: 338.3727, பொருளியல். மீன் ஒன்று, இறாக்கை நாலு. தூயி உலகத்தைப் பொருள்களாகப் பிரிக்கவில்லை, படிப்புத் துறைகளாகப் பிரித்தார். அதனால் ஒரே கருத்து சிதறிப் போகிறது. சிதறியதை ஒரு பெயரின் கீழ் மறுபடி கூட்டிக் காட்டத்தான் 1876இலேயே சார்புச் சுட்டி வைத்தார். அந்தச் சுட்டி ஒரு சொல் பட்டியல் என்பதைக் கவனியுங்கள். எண் பிரித்ததைச் சொல் சேர்க்கிறது. சொல் சரியில்லை என்றால் சேர்ப்பதற்கு வேறு ஆள் இல்லை. கலைச்சொல்லியல் நமக்கு எதற்கு என்று கேட்டீர்களே, பாதி விடை இங்கே வந்துவிட்டது.

இந்த இரு துறைகளையும் ஒரே கூரைக்குள் கொண்டு வந்தவர் என்றால் இங்கெட்ராவுட் டால்பெர்க் (1927–2017) என்ற ஜெர்மன் அம்மையாரைச் சொல்ல வேண்டும். 1974இல் பகுப்பியலுக்கென ஓர் ஆய்விதழ் தொடங்கினார். 1989இல் அறிவு ஒழுங்கமைப்புக்கான சர்வதேச சங்கத்தை நிறுவினார். 1993இல் அந்த இதழின் பெயரும் 'அறிவு ஒழுங்கமைப்பு' என்று மாறியது. அவருக்குக் கருத்து என்பது அறிவின் அலகு. அதற்கு மூன்று முனை: நாம் எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொருள், அதைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடிய இயல்புகள், இவற்றைச் சுருக்கிப் பிடிக்கும் சொல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கருத்து நிற்காது. பரீட்சையில் கேட்டால் இந்த முக்கோணத்தைப் போட்டு, அறக்குளாவை உதாரணம் எழுதுங்கள். திருத்துகிறவருக்கும் பசிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், நமக்கு மிகவும் பயன்படுகிறவர் நம்முடைய சீர்காழிக்காரர்தான். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், 1933இல் 'கோலன் பகுப்பு' என்ற தன்னுடைய நூற்பகுப்பு முறையை வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் பகுப்பு வேலையை மூன்று தளமாகப் பிரித்தார்: எண்ணத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். எண்ணத் தளத்தில் கருத்துகளை ஒழுங்கு செய்கிறோம். சொல் தளத்தில் பெயர் வைக்கிறோம். குறியீட்டுத் தளத்தில் எண் கொடுக்கிறோம். மற்ற இரண்டும் எண்ணத் தளத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. வூஸ்டரின் வேலை முழுவதும் முதல் இரண்டு தளத்துக்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு மூன்றாவதும் உண்டு. அந்த மூன்றாவதுதான் தமிழுக்குப் பெரிய உபகாரம். 540 என்ற எண்ணுக்கு இக்கரையும் தெரியாது, அக்கரையும் தெரியாது. அன்றைக்கு இறாக்கையில் புத்தகம் சரியான இடத்தில்தான் நின்றது. வழி தவறியது லாச்சியில், சொல் தளத்தில்.

அந்தச் சொல் தளத்துக்கு இரங்கநாதன் தந்த விதிகளில் இரண்டை மட்டும் இங்கே எடுக்கிறேன்.

ஒன்று சூழல் விதி. ஒரு சொல்லின் பொருள் அதற்கு மேலே என்ன வகுப்பு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் நூலகத்தில் புதிதாக வந்த உதவியாளர் ஒருவர், 'கலமும் அதன் அமைப்பும்' என்று ஒரு பழைய பாடத் துணைநூலைப் பார்த்தார். துறைமுகத்துப் பிள்ளை. கலம் என்றால் அவருக்குக் கப்பல்தான், மரக்கலம். 623.8இல் கப்பல் கட்டும் நூல்களோடு கொண்டுபோய் வைத்துவிட்டார். உயிரியல் வாத்தியார் ஒருவர் வந்து தேடும்வரை, அங்கே இரண்டு வருடம் அது நங்கூரம் போட்டிருந்தது. அது இருக்க வேண்டிய இடம் 571.6. பையனைக் குறை சொல்ல முடியாது. இலங்கைத் தமிழில் கலம் என்றால் உடலின் கலம், மின்கலம், விண்கலம், மரக்கலம், சோறு போடுகிற உண்கலம் எல்லாம்தான். பாடநூல் வகுப்புக்குள் இருக்கும்வரை குழப்பம் இல்லை, ஆசிரியர் உயிரியல் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். பட்டியலில் அந்த ஆசிரியர் இல்லை. அதனால் நாம் கலம் (உயிரியல்), கலம் (கடற்பயணம்) என்று அடைப்புக்குள் சூழலை எழுதி ஒட்டுகிறோம்.

இன்னொன்று சொல்லடக்க விதி. வகுப்புக்கு வைக்கும் பெயரில் நம் விருப்பு வெறுப்பு தொனிக்கக் கூடாது. நாவூறு கழித்தல், கழிப்புக் கழித்தல், நேர்த்திக்கடன் எல்லாவற்றையும் 'மூடநம்பிக்கைகள்' என்ற தலைப்பில் ஒன்றாக அடைத்த பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நுட்பமான பிழை உங்கள் ஊரிலேயே வரும். ஆங்கிலப் பட்டியலைத் தமிழாக்கிய ஒருவர், தொழுகை, துஆ, பூசை, செபம் எல்லாவற்றையும் 'பிரார்த்தனை' என்ற ஒரே தலைப்புக்கு அனுப்பியிருந்தார். நான்கையும் சமமாக நடத்தினேன் என்று அவருக்குத் திருப்தி. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தொழுகை நேரமும் நிலையும் வகுக்கப்பட்ட கடமை, துஆ வேண்டுதல். இரண்டும் ஒன்றாகாது. வேண்டுதல் என்ற அளவில் துஆவும் கிறித்தவரின் செபமும் பக்கத்துப் பக்கம் வரலாம். தொழுகையும் பூசையும் வழிபாடு என்ற பெரிய குடைக்குக் கீழே தனித்தனியாக நிற்கும். இப்படி இயல்பை எண்ணிப் பிரிப்பதுதான் கலைச்சொல்லியலாரின் வேலைமுறை. சொல் தெரிந்தால் போதும் என்று நினைத்த மொழிபெயர்ப்பாளர் கருத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பட்டியலைச் சரி செய்ய எனக்கு நூலகவியல் போதவில்லை. பள்ளிவாசல் மௌலவி ஒருவரும், ஒரு குருக்களும், ஒரு பாதிரியாரும் தேவைப்பட்டார்கள். மூவரிடமும் தேத்தண்ணீர் குடித்தேன்.

உறவுகளைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு, பாடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கலைச்சொல்லியலும் சரி, நூலகர் பயன்படுத்தும் தெசோரசும் (சொற்களை அவற்றின் உறவு காட்டி அடுக்கிய பட்டியல்) சரி, மூன்று உறவைத்தான் பேசுகின்றன: வகை உறவு, பகுதி உறவு, மற்றத் தொடர்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வள்ளத்தை எடுங்கள். அணியம், சுக்கான், இயந்திரம் எல்லாம் அதன் பகுதிகள். கலைச்சொல்லியலார் தயங்காமல் வள்ளத்தின் கீழே இவற்றைத் தொங்கவிடுவார், அவருக்கு அது முறையான பகுதி உறவு. தெசோரஸ் நியமங்கள் இதை அனுமதிப்பதில்லை. பகுதியை மேல்-கீழ் அடுக்கில் காட்ட அவை இடம் தருவது முக்கியமாக நான்கு வகைக்கு: உடலின் உறுப்புகள், இடங்கள், படிப்புத் துறைகள், படிநிலை உள்ள சமூக அமைப்புகள். ஆகவே கிழக்கு மாகாணம், அதன் கீழ் திருகோணமலை மாவட்டம், அதன் கீழ் மூதூர் என்று அடுக்கலாம். வள்ளமும் சுக்கானும் வெறும் 'தொடர்புச் சொல்' என்றே நிற்கும்.

ஏன் இந்தப் பாரபட்சம்? தேடுகிறவரை நினைத்துப் பாருங்கள். மாகாணத்தைப் பற்றி எல்லாம் வேண்டும் என்பவருக்கு மூதூர் நூலும் வேண்டும். வள்ளம் பற்றி வாசிக்க வருகிறவருக்குச் சுக்கான் செய்யும் நூல் எல்லாம் தேவைப்படாது. அதோடு சுக்கான் வள்ளத்துக்கு மட்டும் உரியதும் இல்லை, கப்பலுக்கும் உண்டு. கலைச்சொல்லியலார் 'உலகத்தில் இது எப்படி இருக்கிறது' என்று கேட்டு அடுக்குகிறார். நூலகர் 'தேடி வருகிறவருக்கு எது சேர்ந்து கிடைக்க வேண்டும்' என்று கேட்டு அடுக்குகிறார். இரு துறைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே உதாரணத்தில் சொல்லச் சொன்னால் நான் சுக்கானைத்தான் காட்டுவேன்.

இடையில் ஒரு சொந்த எரிச்சல். தெசோரஸ் என்று சொன்னதும் அது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். நம்முடைய நிகண்டுகளைத் திறந்து பாருங்கள். திவாகரத்திலும் சூடாமணியிலும் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள்வாரித் தொகுதிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொருளுக்குரிய எல்லாச் சொற்களும். அதற்குப் பிறகு ஒரு சொல் பல பொருளுக்கு என்றே தனியாக ஒரு தொகுதி; நம்முடைய 'கலம்' சங்கடத்துக்கு அப்போதே ஒதுக்கிய இடம். வூஸ்டர் தள்ளிவிடச் சொன்ன ஒன்பது சொல்லையும் நிகண்டுகாரர் பாடமாக்கிவைத்தார். புலவனுக்கு எதுகை மோனைக்கு அவை வேண்டும். காரணம் வேறு, ஆனால் நூலகர் பக்கம்தான் அவர் நிற்கிறார்.

கலைச்சொல்லியலுக்குள்ளேயே பிற்காலத்தில் வூஸ்டரை எதிர்த்துக் கேள்வி வந்தது. கட்டலோனியாவின் மரியா தெரேசா கப்ரே, பெல்ஜியத்தின் ரீட்டா டெம்மர்மன் போன்றவர்கள், துறை வல்லுநர்கள்கூட ஒரே கருத்துக்குப் பல சொல் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள், அதை நோயாகப் பார்க்காதீர்கள் என்றார்கள். நூலகர் தரப்பிலும் சொல் அப்பாவி இல்லை என்ற விழிப்பு வந்தது. சான்ஃபோர்ட் பெர்மன் 1971இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் உள்ள பாரபட்சங்களை வரிசையாக எழுதிக் காட்டினார். குடியேறியவர்களைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று சொன்ன தலைப்பை அந்த நூலகம் மாற்ற 2021 ஆகிவிட்டது. இதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

இந்த உறவு இன்றைக்கு உயிரோடு எங்கே நடக்கிறது என்றால் சித்த மருத்துவத்தில். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், ஆகவே இது நமக்கு வீட்டு விஷயம். தூயியில் ஆயுர்வேதத்துக்கு 615.538 என்ற எண் இருக்கிறது. நான் கண்ட நூலகங்களில் சிலர் சித்த நூல்களையும் அங்கேயே, ஆயுர்வேதத்தின் தம்பி போல வைத்தார்கள். சிலர் 615.88இல் கைமருந்தோடு வைத்தார்கள். எங்கே வைத்தாலும் மாணவருக்குச் சிக்கல் சொல்லில்தான். 'வாதம்' என்று தேடினால் முக்குற்றத்தில் ஒன்றான வாதம் வரும், கை கால் இழுத்த பாரிசவாதம் வரும், செம்பைப் பொன்னாக்கும் இரசவாதம் வரும் (சித்தர் நூல்களில் அதையும் சும்மா வாதம் என்றே எழுதுவார்கள்), பட்டிமன்ற வாதமும் வந்து உட்காரும். மறுபக்கம் மூலிகை: பாட்டில் 'குமரி' என்று இருந்தால் கற்றாழை. நாங்கள் கையாந்தகரை என்பது அக்கரையில் கரிசலாங்கண்ணி. நம் கீழ்காய்நெல்லி அங்கே கீழாநெல்லி. ஒரே செடி இரண்டு தலைப்பில் பிரிந்தால், மஞ்சள் காமாலை பற்றி ஆய்வு செய்கிற பிள்ளைக்குப் பாதி நூல்தான் கைக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனம் இதை எப்படி அணுகியது என்று பாருங்கள். சித்த மருத்துவத்துக்கான நியமக் கலைச்சொற்களை 2022இல் தனி நூலாக வெளியிட்டது. பிறகு 2024 ஜனவரியில், நோய்களின் சர்வதேசப் பகுப்பான ஐசிடி-11இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றின் நோய்நிலைகளுக்கும் குறியீடு தரும் பிரிவு அறிமுகமானது. சொல் முன்னே, குறியீடு பின்னே. எண்ணத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என்று இரங்கநாதன் சொன்ன வரிசை ஞாபகம் வருகிறதா?

கணினி வந்த பிறகு நம் வேலை குறைந்ததா என்றால், லாச்சி போனது, பிரச்சினை போகவில்லை. கோஹா என்ற நூலக மென்பொருளில் 'வேதியியல்' என்று அடித்தாலும் பதிவில் அந்த எழுத்துகள் இருந்தால்தான் வரும். ஆனால் மருந்து இப்போது எளிது. மார்க் என்ற கணினிப் பட்டியல் வடிவத்தில், தலைப்புச் சொற்களுக்கென்றே உள்ள அதிகாரப் பதிவில், 150 என்ற புலத்தில் ஏற்ற தலைப்பை எழுதுகிறோம், 450இல் மற்றப் பெயர்களை எல்லாம் எழுதுகிறோம். 150 இரசாயனவியல். 450 வேதியியல், ரசாயனம், கெமிஸ்தம், கெமிஸ்ட்ரி. தள்ளப்பட்ட சொற்களுக்கு என்றே ஒரு புலம். வலைக்காக 2009இல் வந்த ஸ்கோஸ் நியமத்திலும் இதே ஏற்பாடுதான்: ஒவ்வொரு கருத்துக்கும் மொழிக்கு ஒரு விருப்பப் பெயர், மாற்றுப் பெயர் எத்தனையும். பல நூலகங்களில் 450 வெறுமையாகவே கிடக்கிறது. நேரமில்லை என்பார்கள். புத்தகம் இருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பிய எனக்கு அந்த வெறுமையைப் பார்த்தால் பெடியனின் முகம்தான் ஞாபகம் வரும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. டிப்ளோமாவுக்குச் செயற்றிட்டம் ஒன்று செய்ய வேண்டியிருக்கும். பெரிய தலைப்பு எடுக்காதீர்கள். கிண்ணியாக் கடற்கரையில் நூறு சொல் போதும், மீன், வலை, வள்ளம். ஒவ்வொன்றுக்கும் முதலில் சொல்லை மறந்துவிட்டுப் பொருளை எழுதுங்கள்: என்ன அது, எதன் வகை, பக்கத்து ஒன்றில் இருந்து எதனால் வேறு. அதன்பின் மீனவர் சொல், பாடநூல் சொல், அக்கரைச் சொல், சிங்களச் சொல், விஞ்ஞானப் பெயர். எது 150, எது 450 என்று நீங்களே முடிவு எடுங்கள், எடுத்த காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அகராதியைப் பார்த்துவிட்டு மீனவரிடம் போகாதீர்கள், மீனவரிடம் கேட்டுவிட்டு அகராதிக்குப் போங்கள். "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டால் படித்த பிள்ளை வந்திருக்கிறது என்று அவர்கள் புத்தகச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். ஏலம் கூறும்போது பக்கத்தில் நின்று காது கொடுங்கள், சரியான சொல் தானாக வரும். இடப்பெயரும் கொஞ்சம் சேருங்கள். உவர்மலையும் ஓர்ஸ் ஹில்லும் ஒன்று என்று தெரியாத கணினி நம் பக்கத்திலும் இருக்கிறது.

முடித்ததும் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வாங்கோ, பார்த்துத் தருகிறேன். 623.8 என்று தப்பாக எழுதிய அந்தக் 'கலம்' அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன், அதையும் காட்டுகிறேன்.